செத்த வீட்டில் பட்டியல் வாசிக்காதீர்கள்: திருகோணமலைப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளி, பாலையூற்று, மூதூர்ப் பக்கங்களிலும் ஊழியம் செய்கிற போதகர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், வேதபாட வகுப்பு நடத்துகிற தம்பிமாருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். ஓய்வுநாள் பாடசாலையில் நெடுநாளாகப் படிப்பித்து வருகிறேன். எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துபோனால் எந்தச் சபை என்று பார்க்காமல் போவேன். பாட்டுப் பாடுவேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன், சேமக்காலை வரைக்கும் கூடவே நடப்பேன். பிரசங்கம் பண்ணுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கேட்கிறவர்களின் முகம் மட்டும்தான் தெரியும். நான் அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவள். பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டப் போவதில்லை. ஆனால் சொல்ல வந்ததை மழுப்பாமல் சொல்வேன்.

முன்குறித்தலைப் பற்றிய வாதம் நம் ஊர் வாலிபர்களிடையே சூடு பிடித்திருக்கிறது. தேவன் உலகத்தோற்றத்துக்கு முன்னே தமக்கென்று சிலரைத் தெரிந்துகொண்டாரா? அப்படியானால் மனிதனுடைய சித்தத்துக்கு என்ன வேலை? கிருபையை ஒருவன் வேண்டாமென்று தள்ள முடியுமா? பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா? கைப்பேசியில் பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு வந்து, “நீங்கள் கல்வின் பக்கமா, ஆர்மீனியஸ் பக்கமா?” என்று என்னையே மடக்குகிறார்கள். தெரிந்துகொள்ளுதல் முழுவதும் தேவனுடைய தீர்மானம் என்றவர் கல்வின்; கிருபையை மனிதன் மறுக்க முடியும் என்றவர் ஆர்மீனியஸ். ஒரே பாடசாலையில் படித்து ஒன்றாகக் கரோல் பாடப் போன பிள்ளைகள் இப்போது இரண்டு வட்டமாகப் பிரிந்து, ஒருவர் நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கு மற்றவர் போவதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் இதற்காக மட்டும் ஒரு மடல் எழுதியிருக்க மாட்டேன். பிள்ளைகள் வேதத்தை வைத்துச் சண்டை பிடிக்கும் அளவுக்கு வாசிக்கிறார்களே என்று ஒரு பக்கம் சந்தோஷமும் இருக்கிறது.

என்னை எழுத வைத்தது வேறு. நிலாவெளிப் பக்கம் ஒரு செத்த வீடு. வயதான மனிதர், காலமெல்லாம் கடல் தொழில் செய்தவர். முற்றத்தில் தறப்பாள் கட்டி, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர் ரோமர் 9ஆம் அதிகாரத்தைத் திறந்தார். யாக்கோபைச் சிநேகித்தேன், ஏசாவை வெறுத்தேன் என்ற இடத்தில் தொடங்கி, தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார், மற்றவர்களைக் கடந்துபோனார் என்று விளக்கினார். அப்புறம் உதாரணம் சொன்னார். சுனாமி நாளில் யார் போனார்கள், யார் தப்பினார்கள் என்பதிலேயே அது தெரிகிறதாம்.

என் பக்கத்தில் இருந்த அக்காவின் பிள்ளை அன்றைக்குப் போன பிள்ளை. இரண்டு வயதுகூட நிறையவில்லை. அவர் கையில் பால் தேத்தண்ணி இருந்தது. குடிக்கவே இல்லை, மேலே ஆடை படிந்துவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி கடைசி ஜெபம் வரைக்கும் இருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ரீச்சர், என்ட பிள்ளை அந்தக் கணக்கில இல்லையோ?”

இந்த அக்காவுக்கு வேறொரு சபையில் வேறொன்றும் சொல்லியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸ் களைப்பில் அவர் அன்று ஆராதனைக்குப் போகவில்லை. “போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்கும், தெரிவு உங்கள் கையில் இருந்தது” என்று ஒருவர் ஜெபத்தோடு ஜெபமாகச் சொல்லிவிட்டுப் போனாராம். ஒருவர் தேவனுடைய இறையாண்மையை வைத்து அடித்தார், மற்றவர் மனிதனுடைய சுயாதீனத்தை வைத்து அடித்தார். அடி விழுந்தது ஒரே தாய்க்குத்தான்.

முதலில் கல்வின் வழிச் சீர்திருத்தப் போதனையைப் பிடித்திருக்கிற சகோதரர்களோடு பேசுகிறேன். நான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியில் வந்தவள். கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்று நம்புகிறேன். என்றாலும் உங்கள் பக்கத்தை உங்கள் பகைவர்களின் வாயால் கேட்டு முடிவெடுக்கவில்லை. மூல ஆவணங்களையே தேடி வாசித்தேன். அவற்றை வாசித்த பிறகு உங்கள் மேல் என் வருத்தம் கூடியிருக்கிறது. ஏனென்றால் அந்த ஆவணங்கள் உங்களைவிட மென்மையாகப் பேசுகின்றன.

முன்குறித்தலைப் பற்றி நீங்கள் சொல்கிற ஐந்து குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்று உங்கள் வாலிபர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆர்மீனியஸ் 1609இல் இறந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 1610இல் ஐந்து பிரிவுகள் கொண்ட ஓர் ஆட்சேப மனுவை எழுதினார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒல்லாந்தில் டோர்ட் என்ற ஊரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை ஒரு திருச்சபைச் சங்கம் கூடியது. இங்கிலாந்திலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மனுவில் ஐந்து பிரிவு இருந்ததால் பதிலும் அந்த ஐந்தையும் தொட்டு வந்தது. ஆக அந்த ஐந்து குறிப்புகள் ஒரு குறிப்பிட்ட வழக்கில் எழுதப்பட்ட தீர்ப்பு. சுவிசேஷத்தின் மொத்தச் சுருக்கமாக அதை யாரும் அன்று எழுதவில்லை. நம் ஊருக்கும் இது தூரத்துக் கதை அல்ல. சங்கம் முடிந்து 20 ஆண்டுகளில், 1639இல், ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களோடு இலங்கைக்கு வந்த குருமார் அந்த டோர்ட் தீர்மானங்களை ஏற்றுக் கையெழுத்திட்டவர்கள். இன்று கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கடந்து போகிற அந்தக் கோட்டை வாசலுக்கு இந்த உபதேசம் புதிதல்ல.

சரி, அந்தத் தீர்மானங்களில் முதல் தலைப்பின் 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குழந்தைப் பருவத்திலேயே தேவன் இந்த வாழ்விலிருந்து அழைத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பற்றித் தேவபக்தியுள்ள பெற்றோர் சந்தேகப்படக் கூடாது என்று சொல்கிறது. டோர்ட் சங்கமே சொல்கிறது! அதோடு விடவில்லை. முடிவுரையில், தங்கள் மேல் சுமத்தப்பட்ட அவதூறுகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். விசுவாசிகளின் குற்றமறியாத பிள்ளைகள் தாயின் மார்பிலிருந்து பிடுங்கி நரகத்தில் தள்ளப்படுகிறார்கள் என்று நாங்கள் படிப்பிப்பதாகச் சொல்வது அவதூறு, அதை முழு மனதோடு வெறுக்கிறோம் என்கிறார்கள். 400 ஆண்டுகளுக்கு முன் எதிரிகள் கட்டிவிட்ட அவதூறு என்று எதை அவர்கள் தள்ளினார்களோ, அதையே நிலாவெளியில் ஒரு தாய் உங்கள் வாயிலிருந்து கேட்டு வந்தார்.

அதே முடிவுரை, இந்த உபதேசத்தை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் முடிகிறது: தேவ நாமத்தின் மகிமைக்கு, பரிசுத்த வாழ்வுக்கு, துன்பப்படுகிற ஆத்துமாக்களின் ஆறுதலுக்கு. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 3ஆம் அதிகாரமும், இந்த உயர்ந்த இரகசியத்தை விசேஷ விவேகத்தோடும் கவனத்தோடும் கையாள வேண்டும் என்று எச்சரித்தே முடிகிறது. கல்வினை எடுங்கள். அவருடைய பெரிய நூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் தெரிந்துகொள்ளுதலைப் பற்றிய பகுதி முதற் புத்தகத்தில் இல்லை. விசுவாசம், மனந்திரும்புதல், நீதிமானாக்கப்படுதல் எல்லாவற்றையும் பேசி, ஜெபத்தைப் பற்றி ஒரு நீண்ட அதிகாரத்தையும் எழுதி முடித்துவிட்டு, மூன்றாம் புத்தகத்தின் 21ஆம் அதிகாரத்தில்தான் அதைத் தொடுகிறார். தொட்ட உடனேயே, தேவன் மறைத்து வைத்ததைத் துருவிப் பார்க்காதே, வெளியே வர வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொள்வாய் என்கிறார். அவரும் பிள்ளையை இழந்த தகப்பன். 1542இல் பிறந்த மகன் சிறிது காலத்திலேயே இறந்துபோனான். நண்பர் விரேக்கு எழுதிய கடிதத்தில், இது கசப்பான காயம் என்று ஒத்துக்கொண்டு, ஆனால் கர்த்தரும் தகப்பன், தம் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரியும் என்று எழுதினார். அவருக்கு இறையாண்மை என்பது தகப்பனுடைய கை. அந்தத் தகப்பனைக் காட்டாமல் கையை மட்டும் காட்டினால் கேட்கிறவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும்.

ரோமர் 9க்கும் ஒரு வாசல் இருக்கிறது, அதைத் தாண்டி நேரே 13ஆம் வசனத்துக்குப் போகாதீர்கள். “எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது” என்று பவுல் அழுதுகொண்டுதான் அந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார். தன் இனத்தார் வெளியே நிற்கிறார்களே என்று, அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் விரும்புவேன் என்கிறார். மூன்று அதிகாரம் போராடிவிட்டு 11இன் முடிவில், “ஆ! தேவனுடைய ஐசுவரியம், ஞானம், அறிவு என்பவைகளின் ஆழம் எவ்வளவாயிருக்கிறது!” என்று வியந்து நிறுத்துகிறார். கண்ணீரில் தொடங்கி ஆராதனையில் முடிகிற பகுதி அது. “மனுஷனே, தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?” என்ற வசனம் தர்க்கம் பண்ணுகிறவனுக்குச் சொன்னது. அழுகிறவளுக்கு வேதத்தில் வேறு பகுதிகள் இருக்கின்றன. “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று சங்கீதக்காரன் கேட்டான். அவனை யாரும் நீ யார் என்று அதட்டவில்லை. யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பாருங்கள். தேவனுக்காக வழக்காடுகிறோம் என்றுதான் அவர்கள் பேசினார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவர்கள் மேல்தான்.

இனி மற்றப் பக்கத்துச் சகோதரர்களே, என் பக்கத்துக்காரர்களே. நாம் சுயாதீனத்தைப் பேசுகிறோம். “எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும், சத்தியத்தை அறிகிற அறிவை அடையவும், அவர் சித்தமுள்ளவராயிருக்கிறார்” என்ற வசனத்தைப் பிடித்திருக்கிறோம். நல்லது. ஆனால் அந்தச் சுயாதீனத்தை ஒரு கணக்குப் புத்தகமாக மாற்றி வைத்திருக்கிறோம். சுகம் வரவில்லையா, விசுவாசம் போதாது. வேலை கிடைக்கவில்லையா, உபவாசம் போதாது. பிள்ளை போய்விட்டதா, அன்று ஆராதனைக்கு வரவில்லை. வெஸ்லி இதைப் படிப்பிக்கவில்லை. மனிதன் தன் சொந்தப் பலத்தால் தேவனைத் தெரிந்துகொள்கிறான் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கிருபை முன்னே போய் எழுப்பாவிட்டால் யாரும் அசைய முடியாது என்றுதான் சொன்னார்.

அன்று ஆராதனைக்குப் போனவர்கள் எல்லாரும் தப்பினார்களா? மாத்தறையில் திருப்பலி நடந்துகொண்டிருந்த மாதா கோயிலுக்குள்ளேயே கடல் புகுந்தது. அங்கும் உயிர்கள் போயின. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் சபையில் இறந்த பிள்ளைகள் ஆராதனைக்கு வந்த பிள்ளைகள். இதைத் தெரிந்துகொண்டும் ஒரு தாயிடம் எப்படி அந்த வார்த்தையைச் சொல்ல வந்தது? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைத் தாமே எடுத்துச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று இயேசுவே தெளிவாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகும் நாம் இறந்தவர்களை வைத்துக் கணக்குப் பார்க்கிறோம்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நற்செய்திக் கூட்டம் எங்கே நடந்தாலும் போவான்; அழைப்புக் கொடுக்கும்போது கை உயர்த்துவான். போன கிழமைதானே உயர்த்தினாய் என்று கேட்டேன். “அது உண்மையா உயர்த்தினேனோ தெரியாது ரீச்சர்” என்றான். எல்லாம் தன் தீர்மானத்தில் தொங்குகிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம்; தன் தீர்மானத்தையே அவனால் நம்ப முடியவில்லை. இப்போது அவன் மற்றப் பக்கம் போய்விட்டான். அங்கே வேறொரு பயம் பிடித்திருக்கிறது: நான் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லையென்றால்? அவனுக்கு நான் கொடுத்தது அந்த டோர்ட் தீர்மானத்தைத்தான். முதல் தலைப்பின் 16ஆம் பிரிவு, இப்படிப் பயப்படுகிறவர்களுக்கென்றே எழுதப்பட்டது. உயிருள்ள விசுவாசத்தை இன்னும் தனக்குள் உறுதியாக உணராதவன், ஆனால் உணர வேண்டுமென்று விரும்புகிறவன், தள்ளப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டுக் கலங்கத் தேவையில்லை, தன்னை அந்த வரிசையில் வைக்கவும் கூடாது. வசனத்தையும் ஜெபத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். நெரிந்த நாணலை முறியாத, மங்கியெரிகிற திரியை அணையாத தேவன் அவர் என்று அங்கே எழுதியிருக்கிறது. அவன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனான். கல்வின் பக்கத்துத் தீர்மானத்தை மெதடிஸ்த ஆசிரியை கொடுத்தது தப்பு என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. “எல்லாம் தேவ சித்தம்” என்ற வார்த்தை கடல் எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லப்படுவதில்லை. மனிதர் கொன்றவர்களுக்கும் இந்த மண்ணில் அதையேதான் சொல்கிறோம். 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களிடம் போய் முன்குறிக்கப்பட்டது நடந்தது என்று சொன்னால் யாருக்கு நிம்மதி? கொன்றவனுக்குத்தான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எப்படிப் பேசினார் என்று பாருங்கள். தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியும் முன்னறிவின்படியும் இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்கிறார். அதே வாக்கியத்தில், மூச்சு விடாமல், நீங்கள் அவரைப் பிடித்து அக்கிரமக்காரருடைய கைகளினாலே ஆணியடித்துக் கொலைசெய்தீர்கள் என்கிறார். தேவ ஆலோசனை கொலைகாரனின் குற்றத்தை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் இதையே சொல்கிறது: நடப்பது எல்லாவற்றையும் தேவன் நியமித்தார், ஆனாலும் அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, சிருஷ்டிகளின் சித்தம் பலாத்காரம் செய்யப்படுவதும் இல்லை. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறீர்கள், தம்பிமாரே. இரண்டாம் பாதி இல்லாத முதல் பாதியை அவர்கள் எழுதவே இல்லை.

நம்மைச் சுற்றி இருக்கிறவர்களும் இதே கேள்வியோடுதான் வாழ்கிறார்கள். இந்து வீட்டில் தலையெழுத்து என்று சொல்லிக் கண்ணைத் துடைக்கிறார்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் வீடுகளில் கத்ர், அதாவது இறைவனின் விதி, என்று சொல்லி மனதைத் தேற்றுகிறார்கள். மனிதனுடைய செயலுக்கு யார் காரணம் என்ற வாதம் அவர்களுடைய அறிஞர்களிடையேயும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு ஒரே பாடசாலைக் கட்டடத்தில் எல்லாரும் பாய் போட்டுப் படுத்திருந்தோம். அங்கே யாரும் யாருடைய பிள்ளையின் கதி என்ன என்று தீர்ப்புச் சொல்லவில்லை. சோறு பகிர்ந்தோம், பேசாமல் பக்கத்தில் இருந்தோம். அந்த அளவு பக்குவம் அன்றைக்கு இருந்தது.

இந்த வாதத்தைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விளக்க அப்போஸ்தலர் 27ஐவிட நல்ல அதிகாரம் எனக்குத் தெரியவில்லை. கப்பலில் 276 பேர். பல நாளாகச் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை. “கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது” என்று பவுல் சொல்கிறார். தேவதூதன் வந்து சொன்ன வாக்கு, இனி மாறாது. அப்படியானால் யாரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றுதானே நினைக்க வேண்டும்? ஆனால் கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் படவை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். உடனே அதே பவுல், “இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்” என்கிறார். சேவகர் கயிற்றை அறுத்துப் படவை விழவிடுகிறார்கள். பிறகு, சாப்பிடுங்கள், அது தப்பிப் பிழைப்பதற்கு உதவும் என்று சொல்லி, அப்பத்தைப் பிட்டுத் தாமும் சாப்பிடுகிறார். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்கிறார்கள். வாக்கு உறுதி. கயிறு அறுத்ததும் உண்மை, சாப்பிட்டதும் உண்மை, நீந்தியதும் உண்மை. இவை எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று பவுல் விளக்கவில்லை. கப்பலில் இருந்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படவும் இல்லை. தைரியம் தேவைப்பட்டது, அதைக் கொடுத்தார். தேவனுடைய தீர்மானம் வேதத்தில் இப்படித்தான் வேலை செய்கிறது. கொரிந்துவில் பவுல் பயந்தபோது, “இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு” என்று கர்த்தர் சொன்னார். அதைக் கேட்டு அவர் ஊழியத்தை நிறுத்தவில்லை, ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கிப் போதித்தார்.

இந்தச் சண்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதற்கும் நமக்கு முன்னோர்கள் இருக்கிறார்கள். வெஸ்லி 1739இல் முன்குறித்தலுக்கு எதிராக மிகக் கடுமையான ஒரு பிரசங்கத்தைப் பண்ணி அச்சிட்டார். அவருடைய நெருங்கிய நண்பர் வைட்ஃபீல்ட் 1740 டிசம்பர் 24 தேதியிட்டு அதற்குப் பகிரங்கமாகவே பதில் எழுதினார். இருவர் மனமும் புண்பட்டது. மெதடிஸ்த இயக்கமே இரண்டாகப் போனது. ஆனால் உறவு முறிந்தபடி கிடக்கவில்லை. 1770இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் பண்ணியவர் வெஸ்லிதான். தேவபிள்ளைகள் வேறுபடுகிற விஷயங்களில் அவரவர் நினைப்பதை நினைக்க விடுவோம், அடிப்படைகளை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வோம் என்று அந்தப் பிரசங்கத்தில் சொன்னார். கல்வின் வழிக் குருவான சார்ல்ஸ் சிமியோன் வயது முதிர்ந்த வெஸ்லியைச் சந்தித்த கதையும் உண்டு. தேவன் முதலில் உங்கள் இருதயத்தில் ஏவாவிட்டால் அவரிடம் திரும்ப நினைத்திருப்பீர்களா? இல்லை. கிறிஸ்துவின் இரத்தத்தைத் தவிர வேறு நம்பிக்கை உண்டா? இல்லை. கடைசிவரை உங்களைக் காப்பது யார்? அவரேதான். இப்படியே கேட்டுக்கொண்டு வந்த சிமியோன், என் கல்வினிசம் இவ்வளவுதான், கத்தியை உறையில் போடுகிறேன் என்றாராம்.

கத்தோலிக்க சகோதரர்களிடமும் இதே வாதம் பற்றி எரிந்திருக்கிறது. பாஞெஸ் என்ற தொமினிக்கக் குருவும் மொலினா என்ற இயேசு சபைக் குருவும் கிருபையையும் சுயாதீனத்தையும் பற்றி மோத, உரோமையில் 1598 தொடக்கம் ஆண்டுக்கணக்காக விசாரித்தார்கள். 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லாமல், இரு பக்கமும் தங்கள் போதனையை வைத்துக்கொள்ளலாம், ஒருவரையொருவர் பதிதர் என்று அழைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அந்த இயேசு சபையின் குருமார்தான் பின்னர் நம் மறைமாவட்டத்தில் நீண்ட காலம் ஊழியம் செய்தார்கள்.

ஆகவே இந்த உபதேசத்தைப் பேசாமல் விடுங்கள் என்று கேட்கவில்லை. இன்னும் அதிகமாகப் பேசுங்கள். ஆனால் வேதபாட வகுப்பில், நேரம் எடுத்து, இரண்டு பக்கத்து வசனங்களையும் மேசையில் வைத்து, கேள்வி கேட்க இடங்கொடுத்துப் பேசுங்கள். ரோமர் 9 வாசிக்கிற நாளில் மத்தேயு 23உம் வாசியுங்கள். எருசலேமைப் பார்த்து, நான் மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று என்று ஆண்டவர் சொன்னதையும் கேட்கட்டும். பிதா எனக்குக் கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும் என்று சொன்ன அதே வசனத்தில்தான், என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு பாதியை ஒரு சபையும் மறு பாதியை மற்றச் சபையும் எடுத்துக்கொண்டால் வசனம் யாரிடம் இருக்கும்?

செத்த வீட்டிலும் சேமக்காலையிலும் மட்டும் இதை எடுக்காதீர்கள். இறந்தவர் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல உங்களில் யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. “மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்” என்று மோசே சொன்னதை அங்கேயாவது மதியுங்கள். அங்கே வாசிக்க யோவான் 11 இருக்கிறது. நான்கு நாளான கல்லறைக்குப் போன கர்த்தர், தாம் லாசருவை எழுப்பப் போவதை நன்றாகத் தெரிந்தும், விளக்கம் சொல்லாமல் முதலில் அழுதார்.

வருகிற டிசம்பர் 26 நினைவு ஆராதனைகளுக்கு முன் நீங்கள் எல்லாரும் ஒருமுறை கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சபை மண்டபம் என்பது எனக்குப் பெரிதல்ல. அன்றைக்கு அந்தத் தாய்மாருக்கு என்ன சொல்லப் போகிறோம், எதைச் சொல்லமாட்டோம் என்று பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். கூட்டத்துக்கு வாலிபர் இரு வட்டத்தையும் அழையுங்கள். பின்வரிசையில் இருந்தாவது கேட்கட்டும். டோர்ட் தீர்மானங்களின் அந்த இரண்டு பிரிவுகளையும் முடிவுரையையும் என்னால் முடிந்த தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். அந்த அக்காவுக்கு 17ஆம் பிரிவை ஏற்கெனவே வாசித்துக் காட்டிவிட்டேன். இதை அந்தச் சபைப் போதகரே வந்து தன் வாயால் சொல்வாரா என்று அவர் கேட்டிருக்கிறார். அவருடைய வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை,
திருகோணமலை